நீல முடிச்சும் அண்ணன் சட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய கால சலவைச் சோப்புகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை கொஞ்சம் எரிச்சலோடு. அந்தக் காலத்து வெளுப்பு இன்றைக்கு எந்தப் பவுடரிலும் வராது என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். துவைத்தவர்கள் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு 68 வயது. 10 வயதிலிருந்து துவைத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அந்த வெளுப்பில் பாதி, தண்ணீரில் கலக்கும் நீலப் பொடியின் வேலை. நீலம் ஒரு துளி அழுக்கைக்கூட எடுக்காது. வெள்ளைப் பருத்தித் துணி நாளாக நாளாகப் பழுப்பேறும். அந்த மஞ்சளுக்கு மேல் துளி நீலம் ஏறினால் மஞ்சள் அடங்கிப்போய், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் அந்த நீலத்துக்கு ஒரு பெரிய பூர்வீகம் உண்டு. லாபிஸ் லசூலி என்ற கல்லை ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்து, அரைத்துத்தான் முன்பு ஓவியர்களுக்கு இந்த நிறம் கிடைத்தது. பொன்னுக்கு நிகராக விற்ற சரக்கு. இதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் 1824-இல் அறிவித்தார்கள். 1828-இல் கிமே என்பவர் அதை வாங்கிக்கொண்டு போனார். பிறகுதான் அது மலிந்து எங்கள் வாளிக்கு வந்து சேர்ந்தது.

நீலம் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பொடியை அப்படியே தண்ணீரில் தூவினால் துணியெல்லாம் புள்ளி விழும். கிழிந்த துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி, தண்ணீருக்குள் விட்டுப் பிழிய வேண்டும். அம்மா உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிப் பார்ப்பார். கைரேகை தெரிய வேண்டும், ஆனால் மங்கலாகத் தெரிய வேண்டும். அதுதான் அளவு. சட்டையை முழுக்க உதறி விரித்து, ஒரே முக்கில் முக்கி, அலசிக்கொண்டே இருந்து எடுத்துவிட வேண்டும். சுருட்டிப் போட்டு நகர்ந்தால் தீர்ந்தது.

நான் நகர்ந்தேன். 1970-இல், எனக்கு 13 வயது. மறுநாள் அண்ணனுக்கு நேர்முகத் தேர்வு. இருந்த ஒரே நல்ல வெள்ளைச் சட்டையை நீலத்தில் போட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டேன். முடிச்சும் உள்ளேயே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாக நீலம். எவ்வளவு அலசியும் போகவில்லை. அழுதுகொண்டே அம்மாவிடம் காட்டினேன். அம்மா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சின்னப் பாத்திரத்தில் சட்டையை வைத்து, மூன்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அமுக்கி வைத்தார். சிறிது நேரத்தில் லேசாக அழுகிய முட்டை வாடை அடித்தது. திட்டுகள் கண்ணெதிரே வெளிறிக்கொண்டே வந்தன.

இதில் ஒன்றும் மந்திரம் இல்லை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நீலத்தின் நிறமே அதிலுள்ள கந்தகத்தால் வருவது. அமிலம் பட்டால் நீலம் சிதைந்து, கந்தகம் வாயுவாக வெளியேறுகிறது. அந்த வாயுவின் வாடைதான் அது. அம்மாவுக்கு கந்தகமும் தெரியாது, அமிலமும் தெரியாது. எலுமிச்சை தெரியும்.

இப்போது சோப்புக்கு வருகிறேன். கட்டுரையாளர் அதன் வாசனையை ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். உப்புத் தண்ணீரில் அந்தச் சோப்பு என்ன பாடு படுத்தும் என்று ஒரு வரி இல்லை. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர் திரிந்ததுபோல் மிதக்கும். நுரை வராது, வந்த பிசுக்கு துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளை பழுப்பேறியதற்கு இந்தப் பிசுக்கும் ஒரு காரணம். முதலில் சலவைச் சோடாவைக் கரைத்துத் தண்ணீரைச் சாந்தப்படுத்தினால்தான் சோப்பு எடுபடும். சோடா கையைச் சும்மா விடுமா? விரல் நுனி வெடித்து எரியும். உங்கள் கட்டுரையின் படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே துவைக்கிறாள். அவள் கையை யாரும் படம் பிடிக்கவில்லை.

நீளக் கட்டியாக வாங்கிய சோப்பை அம்மா நூலால் அறுத்து, அலமாரி மேல் இடைவெளி விட்டு அடுக்கி வைப்பார். நன்றாகக் காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. தேய்ந்து சில்லாகிப்போனதைப் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார். சோப்புத் தண்ணீரையும் ஒரு தடவையோடு கொட்ட மாட்டார்: முதலில் வெள்ளை, அதே தண்ணீரில் சாயம் போகாத கலர் துணி, பிறகு கால்மிதி, கடைசியில் தரை கழுவ. இன்று என் வீட்டு மெஷின் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தண்ணீர் எடுக்கும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று கணக்குப் பார்ப்பது போலிருக்கும்.

பவுடர் நேற்று வந்த பொருள் அல்ல. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் 1907-லேயே பெர்சில் என்ற பவுடரைக் கொண்டுவந்துவிட்டது. அதில் கலந்த பெர்போரேட், சிலிக்கேட் என்ற இரண்டு வேதிப்பொருளின் பெயரையும் வெட்டி ஒட்டிய பெயர் அது. ஆனால் அதிலும் சோப்பு இருந்தது. உப்புத் தண்ணீரிலும் திரியாமல் அழுத்தமான அழுக்கை எடுக்கும் டிடர்ஜென்ட் பவுடர் என்றால், 1946-இல் அமெரிக்காவில் வந்த டைடைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதல் பவுடர் பாக்கெட் வந்த அன்று, நுரையைப் பார்த்து அம்மா சந்தேகப்பட்டார். தேய்க்காமல் எப்படிப் போகும் என்று, ஊறிய துணியை எடுத்து வழக்கம்போல் தேய்த்தே முடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய பவுடர்கள் பலவற்றில் ஒளிர்வூட்டி என்று ஒரு பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். கொட்டைமரம் ஒன்றின் பட்டைச் சாற்றில் நனைத்த துணி இப்படி வெளுத்துத் தெரிகிறது என்று பால் கிரைஸ் என்ற ஜெர்மானியர் 1929-இல் சொன்னார். பவுடரில் அது கலந்தது அதற்குப் பிறகு. ஆக, அப்போது முடிச்சு செய்த கண்கட்டை இப்போது பாக்கெட்டுக்குள்ளேயே போட்டுக் கொடுக்கிறார்கள். இதில் எந்தக் காலம் சுத்தம், எந்தக் காலம் போலி என்று பட்டிமன்றம் வைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரே ஒரு விஷயத்தில் நான் கட்டுரையாளர் கட்சி. வெயிலில் காய்ந்த துணியின் வாசனை பிரமை இல்லை. ஈரத் துண்டுகளை வெயிலிலும் வீட்டுக்குள்ளும் உலர்த்திப் பார்த்த ஒரு வேதியியல் ஆய்வு 2020-இல் வந்தது. ஆல்டிஹைடு, கீட்டோன் எனப்படும் சில வாசனைச் சேர்மங்கள் வெயிலில் உலர்ந்தவற்றில்தான் உண்டாயின என்று கண்டார்கள். கொடியிலிருந்து எடுத்த துண்டில் முகத்தைப் புதைத்தவர்களுக்கு ஆய்வு தேவையில்லைதான். இருந்தாலும் படித்தபோது எனக்கு ஒரு பெருமை.

அண்ணன் தேர்வுக்குப் போனாரா என்று கேட்பீர்கள். போனார். எலுமிச்சைக்கும் அடங்காமல் சட்டையின் கீழ் ஓரத்தில் ஒரு நீலத் திட்டு மிஞ்சியிருந்தது. பேண்டுக்குள் விட்டுக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்ததும் சட்டையை வெளியே இழுத்து, அந்தத் திட்டைக் காட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி