என்எஸ்எஸ்ஸுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என்சிசி எனும் தேசிய மாணவர் படைக்கு 1948-லேயே நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் (என்எஸ்எஸ்) மட்டும் இன்றுவரை வெறும் திட்டமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கல்லூரியில் படித்தபோது ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்துக் கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் வெட்டினோம். அரிவாள் ஊர்க்காரர்களிடம் இரவல், கையுறை கிடையாது, ராத்திரி பள்ளிக்கூட வராண்டாவில் ஒருவருக்கொருவர் ஊக்கால் முள் எடுத்துவிடுவோம். பணம் வர வருஷக் கடைசி ஆகும் என்பதால் சாப்பாட்டுச் செலவைத் திட்ட அலுவலராக இருந்த எங்கள் ஆசிரியர் தன் கையிலிருந்துதான் போட்டார். பாவம், அவருக்கு வகுப்பும் குறையவில்லை. இப்போது என் மகளும் அதே கதையைத்தான் சொல்கிறாள்.

நாங்கள் கேட்பது இதுதான். எல்லாக் கல்லூரிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் அரசு நிதியோடு ஒரு என்எஸ்எஸ் அலகு (மாணவர் குழு), முகாமுக்கு முன்பே பணம், மாணவர்களுக்குக் காப்பீடு, இவ்வளவையும் உறுதிசெய்கிற ஒரு சட்டம். சுயநிதி அலகு என்றால் செலவை நிர்வாகமே பார்க்க வேண்டும், அது எத்தனை இடத்தில் நடக்கும்?

எங்கள் தெருவில் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து எம்.பி.க்கு அஞ்சலட்டை எழுதத் தொடங்கியிருக்கிறோம். என்எஸ்எஸ்ஸில் இருந்த வாசகர்கள் தங்கள் தொகுதி எம்.பி.க்கும் ஒன்று போடுங்கள், உங்கள் முகாமில் என்ன நடந்தது என்பதையும் நாலு வரி சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் என்எஸ்எஸ் மாணவர்,
சிவகங்கை மாவட்டம்