மாண்ட்ரியாலில் இருக்கும் தம்பிக்கு

கோத்தகிரி,
மார்கழி மாதம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் பேசியது பாதிச் சண்டையாகப் போய்விட்டது. நீ வைத்ததும், "பையன்கிட்ட ஏன் அப்படிக் கத்தினே?" என்று அப்பா கேட்டார். கத்தவில்லை. சொல்ல வந்தது கோர்வையாக வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கியூபெக் மாகாணத்தில் 2019-இல் வந்த 21-ஆம் சட்டம் சரிதான் என்றாய். அரசுப் பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், அரசு வழக்கறிஞர் போன்றவர்கள் வேலை நேரத்தில் மத அடையாளம் எதையும் அணியக்கூடாது. அரசுக்கு மதம் இல்லையென்றால் அரசின் முகமாக நிற்பவர் முகத்திலும் அது தெரியக்கூடாது என்றாய். நான் மறுத்ததும் நம் ஊர்க் கயிற்றை இழுத்தாய். "பசங்க கையில கட்டியிருந்த கயித்தை நீயே அறுத்தவதானே அம்மா?"

ஆமாம், அறுத்தேன். அதை நான் மறைக்கவில்லை. முதல் போஸ்டிங் திருநெல்வேலிப் பக்கம். ஏழாம் வகுப்புப் பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு. ஒவ்வொரு கலரும் ஒரு சாதி. குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது எல்லாம் அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் முடிவாகும். கயிறு கட்டாத ஒரு பையன் ஒரு நாள் சட்டை கிழிந்து, உதடு வீங்கி வந்து நின்றான். அன்று மாலை தையல் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு கையாக அறுத்தேன். அதற்காக என்னைத் திட்டி ஊரிலிருந்து வந்தவர்களும் உண்டு. 2023-இல் நாங்குநேரியில் அந்த மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு கூடாது என்று 2024-இல் அறிக்கை தந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் நெற்றித் திலகமும் கூடாது என்று அதே அறிக்கையில் படித்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் குழுவின் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை. இருந்தும் நெற்றி என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்று உனக்கு நான் சொன்னதே இல்லை.

1977-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. இலங்கையில், மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தோம். தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பிரித்துக்கொண்ட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த குடும்பம். ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. லயத்துக்கு நெருப்பு வைத்ததைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு பார்த்தோம். சில வாரம் கழித்துத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினோம். அனுராதபுரம் வருவதற்கு முன்னால் பெட்டியில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "பொட்டை அழிச்சிடுங்க." உன் அம்மாயி முந்தானையை எச்சிலில் நனைத்துத் தன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். என் தாத்தாவுக்குக் காது குத்தியிருந்தது. துண்டை எடுத்துக் காதை மறைத்துச் சுற்றிக்கொண்டார். அப்புறம் அம்மாயி என்னை இழுத்து என் நெற்றியைத் துடைத்தாள். எரிந்தது, தம்பி. குங்குமம் வைத்து வைத்து அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருக்கும். துடைத்த பிறகும் வட்டம் தெரிந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், தலைவலி வந்தவள் போல.

கப்பலில் வந்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து முடியும் வரை அவள் நெற்றி வெறுமையாகவே இருந்தது. மறுநாள் பக்கத்துக் குடும்பத்து அம்மாளிடம் ஒரு சிட்டிகைக் குங்குமம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நீ பார்த்த அம்மாயி, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் முன் மழையானாலும் பனியானாலும் பொட்டு வைக்காமல் வாசல் தாண்டாதவள். அது வெறும் பக்தி என்று நீ நினைத்திருப்பாய்.

அதனால், ஒருவர் உடம்பிலிருந்து ஒன்றைக் கழற்று என்று இன்னொருவர் சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கும். கழற்றச் சொன்னவர் கையில் கத்தி இல்லை, சட்டப் புத்தகம்தான் இருக்கிறது என்பாய். சரி, வித்தியாசம் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கயிற்றையும் தலைத்துணியையும் ஒரே தட்டில் வைக்காதே. கயிறு அடுத்தவனை மிரட்டக் கட்டியது. உங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் இருக்கும் அல்ஜீரியப் பெண் தலைத்துணியோடு போர்டில் கணக்குப் போட்டால் எந்தக் குழந்தை பயப்படும்?

இன்னொன்றும் யோசி. முப்பத்து நான்கு வருடம் நான் பொட்டும் பூவும் தாலியுமாகத்தான் அரசுப் பள்ளி வகுப்பில் நின்றேன். இது மத அடையாளம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கே தோன்றியதில்லை. ஊரில் பெரும்பாலானவர்கள் வைத்தால் அது வெறும் பொட்டு. கொஞ்சம் பேர் மட்டும் போட்டால் அது அடையாளம். உங்கள் கியூபெக் சட்டமன்றத்தில் சபாநாயகர் நாற்காலிக்கு மேலே 1936-இலிருந்து சிலுவை தொங்கியது. அதை இறக்கியதே 2019-இல், இந்தச் சட்டம் வந்த கையோடு. அத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்து பேசியவர்கள் எல்லாரும் நடுநிலை இல்லாதவர்களா? சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்கிறாய். சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. தலைப்பாகையை எதற்குள் ஒளிப்பது?

குன்னூர் வெலிங்டன் ராணுவ முகாம் பக்கம் நீ சின்ன வயதில் எத்தனை சர்தார் அதிகாரிகளைப் பார்த்திருப்பாய். தாடி, தலைப்பாகை, அதன் மேல் ராணுவச் சின்னம். அவர் நாட்டுக்கு நிற்பாரா, மதத்துக்கு நிற்பாரா என்று இந்த மலையில் யாரும் கேட்டதில்லை. நம் அரசியல் சட்டம் 25-ஆம் பிரிவிலேயே சீக்கியர் கிர்பான் என்ற குறுவாள் அணிவதை மத உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. இப்போது பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழா. ரோடெல்லாம் வெள்ளை உடுத்திய படுகர் ஜனம், நடந்தே போகிறார்கள். பஸ்காரர் ஓரம் கட்டி வழி விடுகிறார், அவ்வளவுதான்.

நம்மிடம் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2022-இல் உடுப்பியில் ஹிஜாப் போட்ட பிள்ளைகளை கேட்டுக்கு வெளியே நிறுத்தியதை டிவியில் பார்த்துவிட்டு, என் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து, "டீச்சர், நானும் கழட்டணுமா?" என்றாள். கழற்ற வேண்டாம், போய் உட்கார் என்றேன். அந்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அந்த அக்டோபரில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அவள் அதற்குள் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் கட்டாயப்படுத்தித்தான் போடுகிறார்கள் என்றாயே, சில வீட்டில் அது உண்மைதான். அப்படிப்பட்ட பெண்ணுக்குத்தான் பள்ளியும் சம்பளமும் இன்னும் அவசியம். கையில் தன் காசு இருந்தால் ஒரு நாள் அவளே முடிவு செய்வாள், போடலாமா வேண்டாமா என்று. வாசலையே மூடிவிட்டால் அவள் அதே வீட்டுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்?

ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் அதே வேலையில் இருக்கும்வரை கழற்ற வேண்டாம், புதிதாகச் சேர்பவர்தான் கழற்ற வேண்டும் என்று நீதான் சொன்னாய். நேற்று வரை குழந்தைகளைக் கெடுக்காத துணி இன்று எப்படிக் கெடுக்கும்? இதற்கு மட்டும் எனக்குப் பதில் எழுது.

அந்த அல்ஜீரியப் பெண் ஒன்டாரியோ பக்கம் வேலை கிடைத்துப் போகிறாள் என்றாயே. வீடு காலி செய்யும் நாளில் லீவு போட்டுவிட்டுச் சாமான் இறக்கிக் கொடு. மூன்று மாடி, குளிர் வேறு. அப்பா நாளைக்கு பார்சல் போடுகிறார். வர்க்கி இரண்டு டப்பா இருக்கும். ஒன்று அவளுக்கு.

அம்மா