முடி மாத்திரை தந்தவர்களுக்கு

என் மகளுக்கு இந்த மாதம் மூன்று வயது முடிகிறது. பிறந்த ஐந்தாம் நாள் பால் குடிக்காமல் துவண்டு, மூச்சிரைக்கக் கிடந்தவள். முதலில் காட்டிய இடத்தில் கிருமித்தொற்று என்றார்கள். பார்க்க அப்படித்தான் இருந்தது.

இரவுப்பணியில் இருந்த பயிற்சி மருத்துவரே, உங்கள் முகம் நினைவிருக்கிறது, பெயர் கேட்கத் தோன்றவில்லை. ரத்தத்தில் அமிலமும் அம்மோனியாவும் ஏறியிருந்ததைப் பார்த்து, குதிகாலில் குத்தி வடிதாளில் நாலு வட்டம் நிறைய ரத்தம் எடுத்தீர்கள். சிறுநீரும் பரிசோதனைக்குப் போனது. முடிவு வருமுன்பே பயோட்டின் என்ற வைட்டமினைத் தொடங்கச் சொன்னார் பெரிய டாக்டர். இரண்டாம் நாள் மாலை கண்ணைத் திறந்து முலையைத் தேடினாள்.

நோயின் பெயர் ஹோலோகார்பாக்சிலேஸ் சிந்தடேஸ் குறைபாடு. சொல்லிப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது. மரபணு ஆலோசகர் அம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பில் ஐந்து நொதிகள் பயோட்டின் ஒட்டினால்தான் வேலை செய்யுமாம். அதை ஒட்டிவிடும் நொதி ஒன்றே ஒன்று. இவளுக்கு அதன் பிடி தளர்வு. பக்கத்திலேயே குவித்து வைத்தால் தளர்ந்த கையும் எடுத்துக்கொள்ளும் என்றார். கைக்குழந்தைக்கு நாளுக்கு 5 மைக்ரோகிராம் போதும். இவளுக்கு 10 மில்லிகிராம், 2,000 மடங்கு! அத்தை மகனைக் கட்டியதால்தான் என்று ஊரே என்னைப் பார்த்தபோது, "குறை இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இது வரும்" என்று என் மாமியார் எதிரிலேயே சொன்னாரே, அதற்குத் தனி நன்றி. அந்த மாமியார்தான் இரண்டு கரண்டிக்கு நடுவே மாத்திரையை நசுக்கித் தாய்ப்பாலில் கரைத்தவர்.

மருந்துக்கடை அண்ணன் முதல் நாள், "முடி கொட்டுறதுக்குக் கொடுக்கிறதாச்சே, கைக்குழந்தைக்கா?" என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னதில்லை. மழையில் கடை மூடியிருந்தபோது வீட்டுக்கே கொண்டுவந்தார்.

போன வருடம் தைராய்டு அளவு தாறுமாறாக வந்து பயந்துபோனோம். "பயோட்டின் ஏதாவது சாப்பிடுதா?" என்று கேட்டது லேபில் இருந்த தங்கைதான். சில பரிசோதனைகளில் அது முடிவையே மாற்றிக் காட்டுமாம். வேறு முறையில் பார்க்கும் லேபுக்கு அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது காலையில் அவளே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முடி மாத்திரை.