கொழும்பில் தமிழில் திரைவிமர்சனம் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பத்திரிகைகளின் சினிமாப் பக்கத்தில் எழுதுபவர்கள், வானொலியில் புதுப்படங்களைப் பற்றிக் கதைப்பவர்கள், படம் விட்டதும் தியேட்டர் வாசலில் கமராவுக்கு முன்னால் நின்று பேசுபவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வீட்டில் அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். மாதத்தில் ஒருநாள் எல்லோருமாகப் படம் பார்க்கப் போவோம். எந்தப் படம் என்று முடிவெடுப்பது என் பொறுப்பு. அதற்கு நான் நம்பியிருப்பது உங்களைத்தான்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். “குடும்பத்தோடு கொண்டாடலாம்” என்று உங்களில் ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் மாலைக் காட்சிக்குப் போனோம். படம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, திரையில் ஒருவனின் தலை துண்டாக விழுந்தது. எட்டு வயது மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துவிட்டாள். அம்மா சேலைத் தலைப்பால் அவளை மூடி, ஒரு கையால் அவளுடைய காதைப் பொத்திக்கொண்டு இருந்தா. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிள்ளை உள்ளேயிருந்து “முடிஞ்சுதா அம்மம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இடைவேளையில் எழும்பி வந்துவிட்டோம். ஓட்டோவில் அம்மா ஒன்றுமே கதைக்கவில்லை. ரிக்கெட் துண்டுகளை மடித்து மடித்து, கடைசியில் நகம் அளவாக்கி வைத்திருந்தா.

ஐந்து ரிக்கெட், போக வர ஓட்டோ, பிள்ளைகளுக்கு ரோல்ஸும் சோடாவும். எங்கள் வீட்டுக் கணக்கில் இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. ஆனால் என் மனதில் நிற்பது காசு இல்லை. அன்றிரவு பிள்ளை விளக்கை அணைக்க விடவில்லை.

அந்தப் படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் கொடுத்திருந்தது யு/ஏ 16+, அதாவது பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கவேண்டியது, என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். 2024 நவம்பரில் இருந்து அங்கே யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெற்றோருக்கு இதைவிடப் பயனான தகவல் வேறு என்ன இருக்கிறது? அதைச் சொல்ல உங்களுக்கு ஐந்து விநாடி போதும். நான் பார்த்த விமர்சனம் எதிலும் அது இருக்கவில்லை. முதல்நாள் வசூல் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. வசூல் தயாரிப்பாளரின் கணக்கு. அதை வைத்து நான் என் பிள்ளைக்கு என்ன படம் தெரிவு செய்வது?

தொண்ணூறுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடியோக் கடை இருந்தது. சுவர் முழுக்கக் கறுப்புக் கசட்டுகள். யார் எதை எடுத்துப் போனார்கள் என்பதை அந்த அண்ணை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். புதுப்படம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டால் உடனே எடுத்துத் தரமாட்டார். “ஆர் பாக்கப் போயினம்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அம்மம்மாவும் இருக்கிறா என்றால் ஒன்று, அண்ணாவும் கூட்டாளிகளும் என்றால் இன்னொன்று. புதுப்படத்துக்கு வாடகை கூட. அப்படியிருந்தும், “இது உங்களுக்குச் சரிவராது தங்கச்சி, பழசொண்டு தாறன்” என்று குறைந்த வாடகைக்கு வேறொன்றைத் தந்துவிட்டிருக்கிறார். நான் அறிந்த முதல் திரைவிமர்சகர் அவர்தான். ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் படத்தையும் தெரியும், பார்க்கிறவர்களையும் தெரியும்.

அந்த ஒரு கேள்வியை நீங்களும் உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இந்தப் படத்தை ஆர் பார்க்கப் போயினம்?

இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. தமிழ்ப் படங்களில் நிறைய, தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகின்றன. அதனால் ‘நல்ல படமா’ என்பதோடு ‘இப்போதே போகவா, நாலு வாரம் பொறுக்கவா’ என்றும் யோசிக்கவேண்டியிருக்கிறது. கடலும் காடும் கூட்டமும் நிறைந்த ஒரு படத்தைக் கைபேசியில் பார்ப்பது பாவம். நாலு பேர் ஒரு வீட்டுக்குள் இருந்து கதைக்கும் படம் வீட்டுத் திரையில் ஒன்றும் குறையாது. இதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அதோடு, ஓடிடியின் உரிமை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் வருவதெல்லாம் எங்களுக்குத் திறப்பதில்லை. சென்னையில் இருந்து பேசுபவருக்கு அந்தக் கவலை இல்லை. கொழும்பில் இருக்கும் உங்களுக்கு அது தெரியும்தானே. துணையெழுத்தும் அப்படித்தான். ஒரு மலையாளப் படம் அருமை என்கிறீர்கள், சரி. ஆனால் துணையெழுத்து ஆங்கிலத்தில் மட்டும் என்றால் அம்மாவால் வாசிக்க முடியாது. நல்ல சிங்களப் படங்கள் வரும்போதும் இதே கேள்விதான்.

புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமர்சனங்களைத் தொகுக்கும் ரொட்டன் டொமேட்டோஸ் இணையத்தளத்தில் 80 வீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்கு எண்பது புள்ளி என்று அர்த்தமில்லை. நூறு விமர்சகர்களில் எண்பது பேர் பார்க்கலாம் என்றார்கள், அவ்வளவுதான். அந்த எண்பது பேரும் ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். உங்களில் சிலர் அதைப் பரீட்சைப் புள்ளி மாதிரி வாசிக்கிறீர்கள். ‘16 வயதினிலே’ படத்துக்கே ஆனந்த விகடன் கொடுத்தது நூற்றுக்கு 62.5. அந்தக் கஞ்சத்தனத்தில் ஒரு மரியாதை இருந்தது. இன்று பார்க்கிற படமெல்லாம் ஐந்துக்கு நாலு.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா ‘திரைவிருந்து’ செய்த காலத்தை அம்மா இன்றும் சொல்லுவா. அந்தக் குரலைக் கேட்டால் உடனே படத்துக்குப் போகவேண்டும் போல இருக்குமாம். ஆனால் அது விளம்பரம் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று எது விளம்பரம், எது விமர்சனம் என்று பிரிக்க முடியவில்லை. தியேட்டர்காரர் இலவச ரிக்கெட் தந்தால் வாங்குங்கள், அது பிழையில்லை. வாங்கினேன் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் மனத்தாங்கலான விஷயம். எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்கள். 1977இல் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’, அடுத்த வருடம் செங்கை ஆழியானின் நாவலில் இருந்து ‘வாடைக்காற்று’ என்று வந்த வழி இது. இப்போதும் இளம் பிள்ளைகள் கடன்பட்டுப் படம் எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு காட்சிதான் கிடைக்கிறது. நீங்களோ ஒன்றும் எழுதுவதில்லை, எழுதினால் “நம்மவர் படைப்பு, ஆதரவு கொடுங்கள்” என்று முடித்துவிடுகிறீர்கள். ஆதரவு கேட்டால் தர்மத்துக்கு அழைப்பது போல இருக்கிறது. யாரும் தர்மத்துக்காக ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பதில்லை.

அப்படி ஒரு படத்துக்கு அம்மாவும் நானும் போனோம். மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். முதல் பாதி இழுவைதான். வசனம் பல இடங்களில் கேட்கவே இல்லை. ஆனால் கிணற்றடியில் தாயும் மகளும் ஒரு வார்த்தை கதைக்காமல் உடுப்புத் தோய்க்கிற ஒரு காட்சி வந்தது. தாய் துணியைப் பிழிந்து நீட்ட, மகள் மற்ற நுனியைப் பிடிக்கிறாள். இருவரும் எதிர்ப்பக்கமாக முறுக்குகிறார்கள். தண்ணீர் முழுதும் வடிந்த பிறகும் இருவரும் கையை விடவில்லை. அம்மா இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டா. ஒலி சரியில்லை என்றும் எழுதுங்கள், அந்தக் காட்சியைப் பற்றியும் எழுதுங்கள். எங்கள் தொடர்மாடியில் இருந்தே இன்னும் மூன்று குடும்பம் போயிருக்கும்.

வரும் ஞாயிறு பார்ப்பதற்கு மகள் ஒரு படத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை பின்னேரம் ரிக்கெட் எடுக்கவேண்டும். அதற்கு முதல் உங்கள் விமர்சனங்களைத் தேடிப் பார்ப்பேன். எங்களில் ஒருத்தி எட்டு வயது, ஒருவர் எழுபது கடந்தவர்.

அன்புடன்,
வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி