பையன்களையும் மண்டபத்தில் உட்கார வையுங்கள்: கல்வி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தாய், பள்ளியில் பாலியல் கல்வி பற்றி எழுதுகிறேன். மகள் நான்காம் படிவம், மகன் இரண்டாம் படிவம்.

போன மாதம் ஓர் இரவு மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தான். நெஞ்சில் ஒரு பக்கம் கட்டி மாதிரி இருக்கிறதாம், தொட்டால் வலிக்கிறதாம். மூன்று வாரமாகப் புற்றுநோய் என்றே நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறான். கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த வயசுல நிறைய பையன்களுக்கு வரும்பா, ஹார்மோன் வேலை. பெரும்பாலும் தானாவே போயிடும்" என்றார். அவ்வளவுதான்.

"பள்ளியில சொல்லித் தரலையாடா?" என்றேன். "பொண்ணுங்களை மட்டும் அதைச் சொல்லித் தர டேவானுக்கு (பள்ளி மண்டபத்துக்கு) கூட்டிட்டுப் போனாங்கம்மா. எங்களைப் பந்து விளையாடச் சொல்லிட்டாங்க."

நாங்கள் மட்டும் ஒழுங்கா? மகள் பெரியவளானபோது மண்டபம் எடுத்து, பேனர் வைத்து, ஊரையே கூட்டிச் சடங்கு செய்தோம். மாதவிடாய் ஏன் வருகிறது என்று ஒரு வரி நான் சொல்லவில்லை.

இனப்பெருக்க நலமும் சமூக நலமும் 2011 முதலே நலக்கல்வியில் இருக்கின்றன. மகனின் புத்தகத்தைப் புரட்டினேன். விளையாட்டுப் பக்கங்களில் மண்கறை. அந்தப் பாடம் மட்டும் கடையில் வாங்கியபடியே மடிப்புக் கலையாமல் இருந்தது. தேர்வில் வராத பாடம், ஆசிரியருக்கும் கூச்சம், தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி) தடுப்பூசி போடுகிறீர்கள், நல்லது. அந்தக் கிருமி எப்படித் தொற்றுகிறது என்பதையும் சொன்னால் என்ன?

சட்டத்தையும் சொல்லுங்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் சம்மதித்தாலும் அவளோடு உறவு கொள்வது கற்பழிப்புக் குற்றம்தான். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரின் ஆபாசப் படத்தை வெறுமனே போனில் வைத்திருந்தாலே ஐந்து ஆண்டுவரை சிறை. வாட்ஸ்அப் குழுவில் வந்ததை விளையாட்டாகச் சேமித்து வைக்கும் பையனுக்கு இது தெரியுமா? இனிக்க இனிக்கப் பேசி வலைவிரிக்கும் பெரியவர்களும் அதே சட்டத்தில் குற்றவாளிகள். அப்படி யாராவது தொல்லை கொடுத்தால் தாலியான் காசிஹ் (Talian Kasih) உதவித் தொலைபேசி 15999 எண்ணுக்கு அழைக்கலாம் என்பதை ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒட்டுங்கள்.

அப்புறம், அடுத்த முறை பையன்களையும் மண்டபத்தில் உட்கார வையுங்கள். பந்தை மாலையில் விளையாடிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
செந்தூல்வாசி ஒருத்தி