நரம்பு வலிக்கு மனச்சோர்வு மாத்திரை: சீட்டில் காரணம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாலோ கீமோதெரபியாலோ பாதம் எரிந்து, ஊசி குத்துவதுபோல் வலிப்பவருக்கு அமிட்ரிப்டிலின் எழுதித் தருகிறார்கள். அது மனச்சோர்வு மருந்து என்று யாரோ சொல்ல, "எனக்கு மனநோயா?" என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளுக்கு இம்மருந்து வலுவூட்டுகிறது. மனச்சோர்வு இல்லாதவருக்கும் வலி குறைவது அதனால்தான். சீட்டில் 'நரம்பு வலிக்காக' என்று மருத்துவர்கள் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

மீதிப் பாதிக்குக் காரணம் அவசரம். வழக்கமாக இரவில் 10 மி.கி. தொடங்கி, வாரத்துக்கு 10 மி.கி. வீதம் கூட்டுவார்கள், 75 மி.கி.க்கு மேல் போவது அரிது. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் முதல் வாரமே வந்துவிடும். வலி குறைவது தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவு முந்திக்கொள்வதால் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். காலையில் தலை கிறுகிறுத்தால் இரவு மாத்திரையைச் சற்று முன்னதாகப் போட்டாலே போதும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தொடங்குமுன் சொல்லியே ஆக வேண்டும்.

கீமோதெரபிக்குப் பின் வரும் வலிக்கு டுலோக்செடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்துதான் சான்றுள்ளது: ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60. ஆனால் அது குமட்டலைத் தரும், பசியைக் குறைக்கும். ஏற்கெனவே மெலிந்துவரும் நோயாளிக்கு இது சின்ன விஷயம் அல்ல; எடையை வாராவாரம் குறித்துவர வேண்டும்.

பசியைத் தூண்ட இரவில் 15 மி.கி. மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தருவதுண்டு. தூக்கம் வரும், குமட்டல் தணியலாம், எடையும் ஏறலாம். அந்த எடை பெரும்பாலும் கொழுப்பு. நோயின் அழற்சியால் கரைந்த தசையை எந்த மனச்சோர்வு மாத்திரையும் மீட்டுத் தராது. புரதமும் உடற்பயிற்சியும் அடிப்படை நோய்க்கான சிகிச்சையும் இல்லாமல் இதை மட்டும் நம்புவது வீண். நரம்பு வலியிலும் இம்மருந்துகளுக்கு எல்லை உண்டு: எச்.ஐ.வி. நரம்பு வலியில் அமிட்ரிப்டிலினே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று ஆய்வுகள் காட்டின.

இந்த மனச்சோர்வு மாத்திரைகளுடன் டிரமடால் வலி மாத்திரையோ, காசநோய்க்குத் தரப்படும் லினசோலிடோ சேர்ந்தால் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் மிகுந்து நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி போய்விட்டது என்று சட்டென நிறுத்தவும் கூடாது. தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் படபடப்பும் வரும். மருத்துவர் சொல்லும் அளவில் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.