ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் சுபேதார் ஐயாவின் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

நம் முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டறிக்கையை வழக்கமாகக் கூட்டங்களின் எண்ணிக்கையோடு தொடங்குவேன். இந்த முறை கை அங்கே போகவில்லை. ஐப்பசி மழையில் சுபேதார் ஐயாவை இழந்தோம். காலையில் புல்லட்டைத் துடைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், காபி வருவதற்குள் போய்விட்டார். வயது 74.

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லிப் பழகிய வேலூர் பக்கத்தில் ஒரு ராணுவக்காரர் காலமாவது பெரிய செய்தி அல்ல. ஆனால் இவர் சிக்னல்ஸ்காரர், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு. ஜபல்பூரில் பயிற்சி முடித்து, 1971 போரில் டெஸ்பாட்ச் ரைடராக, அதாவது மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகிறவராக இருந்தவர். வயர்லெஸ்ஸில் பேசக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டால், செய்தி மனிதன் கையில்தான் போக வேண்டும். ராத்திரியில் ஹெட்லைட் போடாமல், தோளில் பையோடு ஓட்டியதைச் சொல்லுவார். போரைப் பற்றி அதற்கு மேல் கேட்டால், “கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டு வந்தேன்” என்பதோடு சரி. சிக்னல்ஸ் பிரிவின் மோட்டார் சைக்கிள் சாகசக் குழுவான டேர் டெவில்ஸ் குடியரசு தின அணிவகுப்பில் வந்தால் மட்டும் டிவிக்கு முன்னால் எழுந்து நிற்பார். 1935-இல் தொடங்கிய குழு என்று ஒவ்வொரு முறையும் நமக்குச் சொல்லுவார். நாமும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வோம்.

அவருடைய வண்டி பழைய புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்வதை இளைஞர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். சாவியைப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்துவார். எஞ்சின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரை இழுத்து இன்னும் கொஞ்சம் இறக்குவார். அப்புறம் ஒரே உதை. இரண்டாவது உதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

இறுதி ஊர்வலத்தில் அந்த வண்டியை யார் ஓட்டுவது என்று கேள்வி வந்தது. இன்றைய வண்டிகளில் பழகிய கால், கியர் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்துவிடும். அதனால் தள்ளிக்கொண்டே போவது என்று முடிவு செய்தோம். முன்னால் அவருடைய புல்லட், சீட்டில் அவருடைய ஹெல்மெட். பின்னால் வந்த எல்லோரும் சொல்லாமலே எஞ்சினை நிறுத்திவிட்டு, மழைச் சேற்றில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டே இடுகாடு வரை நடந்தோம். அத்தனை புல்லட்டுகள் சத்தமில்லாமல் போனதை நம் தெரு அன்றுதான் பார்த்தது.

டிசம்பர் 7 கொடிநாள் வசூல் நடந்தது. 1971 போரின் வெற்றி நாளான டிசம்பர் 16-இல், அவர் வகுத்த வழியிலேயே வேலூர் மணிக்கூண்டில் கூடி அமிர்தி வரை போய் வந்தோம். முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அந்த மணிக்கூண்டில் இருக்கும் கல்வெட்டை உரக்கப் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இந்த ஆண்டு அவருடைய பேத்தி படித்தாள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி அவருடைய பை பற்றி. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் அவர் டெஸ்பாட்ச் ரைடராகவே இருந்தார். கணவரை இழந்த பெண்களின் குடும்ப ஓய்வூதியக் காகிதங்களை அந்தக் கேன்வாஸ் பையில் போட்டுக்கொண்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பேங்க், ஜெராக்ஸ் கடை என்று அலைவார். ராணுவத்திலிருந்து விடைபெறும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பெயரோடு ‘அம்மாள்’ இருக்கும், ஆதாரில் இருக்காது. அந்த ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் பணம் நிற்கும். கணவரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது பெரிய தொகை இல்லை. அது இல்லாத வீட்டில்தான் அதன் அருமை தெரியும். பெட்ரோலுக்கு ஒரு ரூபாய்கூட அவர் யாரிடமும் வாங்கியதில்லை. இதையெல்லாம் ஒருவர் தலையிலேயே விட்டுவைத்தது நம் சங்கத்தின் தவறு என்று செயலாளராகப் பதிவு செய்கிறேன்.

அவருடைய மனைவியின் ஓய்வூதியத்துக்கு நாம் விண்ணப்பிக்கப் போனபோது தேட வேண்டியதே இருக்கவில்லை. தன் காகிதங்களைத் தானே வரிசைப்படுத்தி, மேலே பென்சிலில் எண் போட்டு வைத்திருந்தார். அம்மாவுக்குப் பணம் வரத் தொடங்கிவிட்டது. புல்லட்டை விற்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஞாயிறுதோறும் நம்மில் ஒருவர் போய் ஸ்டார்ட் செய்து வைக்கிறோம். நம் கணக்கில் நான்கு, ஐந்து உதை ஆகிறது.

பையை இப்போது மூன்று பேர் முறை வைத்துச் சுமக்கிறோம். அவர் இறந்த அன்று அதில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று தை மாதத்தில் முடிந்தது. மற்றொன்றில் இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துத் திருத்தம் பாக்கி. வரும் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அதற்காகத் தாலுகா அலுவலகம் போகிறோம். வண்டி உள்ள உறுப்பினர் ஒருவர் கூட வர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்